தலைமுடிச் சோதனையில் தாதுச்சத்துக் குறைவு என்கிறார்கள், மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருடமாக ஓயாத அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் தலைமுடியை வெட்டி அனுப்பித் தாதுச்சத்துச் சோதனை செய்தேன். 32 தாதுக்களுக்கு வண்ணக் கட்டம் போட்டு அறிக்கை வந்தது. ஜிங்க், செலினியம், குரோமியம் குறைவு, செம்பு அதிகம், இரும்பு சரி என்று இருந்தது. அவர்களே கொடுத்த மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். அதில் ஜிங்க் 50 மில்லிகிராம், செலினியம் 200 மைக்ரோகிராம், குரோமியம், மாங்கனீசு, கால்சியம் இருக்கின்றன. மறந்துவிடக் கூடாது என்று காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே போட்டுவிட்டுக் காபி குடிப்பேன். முடி கொட்டுவது நிற்கவில்லை. இரண்டு மாதமாகக் கால் விரல்களில் மதமதப்பு வேறு. வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம், அதை நிறுத்த வேண்டுமா? நாங்கள் சைவம். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் படுகிறது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு முன்பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. அவளுக்கும் இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாதுச்சத்து மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மகளுக்கு வேண்டவே வேண்டாம். தைராய்டு மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு பொது மருத்துவரிடம் போய்க் கால் மதமதப்பைக் காட்டுங்கள். போகும்போது மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவுகள் அவருக்குத் தேவைப்படும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று விளக்குகிறேன். உங்கள் வயதில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 13 மில்லிகிராம் ஜிங்க் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வல்லுநர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு. நீங்கள் மாத்திரையில் மட்டுமே 50 எடுத்திருக்கிறீர்கள், அதுவும் எட்டு மாதம். ஜிங்க் இப்படித் தினமும் நிறைய வந்து சேரும்போது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகமாக உண்டாக்கும். அந்தப் புரதம் ஜிங்க்கைவிடச் செம்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பிடிபட்ட செம்பு ரத்தத்துக்குப் போகாது, குடல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தச் செல்களின் ஆயுளே சில நாள்தான். அவை உதிரும்போது செம்பும் மலத்தோடு வெளியே போய்விடும். வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது, அதில் செம்பு ஈரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். அந்த நோயாளிகளுக்கு நாங்கள் ஜிங்க்கை மருந்தாகவே கொடுக்கிறோம், செம்பை உள்ளே விடாமல் தடுப்பதற்காக. உங்களுக்கு அந்த நோய் இல்லை. ஆனால் அந்த மருத்துவம் நடந்திருக்கிறது.

உடலில் செம்பு இருப்பதே மொத்தமாக 100 மில்லிகிராம் அளவுக்குத்தான். அது குறைந்தால் மூன்று விஷயங்கள் நடக்கலாம். இரும்பு மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் கெடும். கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கவலை. கால் விரலில் மதமதப்பாகத் தொடங்கும், பிறகு பஞ்சின்மேல் நடப்பதுபோல இருக்கும், இருட்டில் நடந்தால் தடுமாறும். சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், பல்செட்டை ஒட்டும் பசையை அளவுக்கு மீறிப் பல வருடம் பயன்படுத்தியவர்களுக்கு இப்படி ஆனது. பசையில் ஜிங்க் இருந்திருக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் கோளாறு செம்பு கொடுத்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். நரம்பில் ஏற்பட்டது முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.

உங்கள் மதமதப்புக்குச் செம்புதான் காரணம் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன். சர்க்கரை நோய் இருந்தாலும் இப்படி வரும். தைராய்டு சரியில்லை என்றாலும் வரலாம். சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வைட்டமின் பி12 குறைவுக்கும் நிறைய வாய்ப்பு உண்டு. பி12 மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பது கோபால்ட் அணு. நம் உடம்புக்குக் கோபால்ட் தேவைப்படுகிற ஒரே இடம் என்று நாம் அறிந்தது அதுதான். செடி கொடிகளில் பி12 கிடையாது, சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. பி12 குறைவும் செம்புக் குறைவும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியைத்தான் தாக்கும். அறிகுறியை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம், ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை, டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை). இவை தாலுகா ஊர்களிலேயே கிடைக்கும். ரத்தத்தில் செம்பு, செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் இரண்டும் பெரிய ஆய்வகங்களில்தான் பார்ப்பார்கள், சாம்பிள் எடுத்து அனுப்பிவைப்பார்கள். நீங்கள் ஏற்கெனவே செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கே மனம் கஷ்டப்படுகிறது. ஆனாலும் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்த வண்ணக் கட்ட அறிக்கை. தலைமுடி தோலுக்கு வெளியே வந்த பிறகு அது உயிரற்ற நார். ஷாம்பு, சாயம், எண்ணெய், குளிக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அதில் ஒட்டும். பொடுகுக்கான ஷாம்புகள் பலவற்றில் மருந்தே ஜிங்க் சேர்மமோ செலினியம் சேர்மமோதான். அதைத் தேய்த்துக் குளித்தவரின் முடியில் ஜிங்க் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் உடம்பைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? 2001-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான ஒரே ஆளின் முடியைப் பங்கு போட்டு ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆறும் ஒத்துப்போகவில்லை. பல தாதுக்களுக்கு ஓர் ஆய்வகம் சொன்ன அளவு இன்னொன்று சொன்னதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. எது இயல்பான அளவு என்பதிலும் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை. முடியை அளப்பதில் பயன் இல்லாமல் இல்லை. ஆர்சனிக், மீன் வழியாக வரும் பாதரசம் போன்ற நச்சுகள் உடம்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க அது உதவும். ஜிங்க் குறைவா, இரும்பு சரியா என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது. சோதனை செய்தவரே மாத்திரையும் விற்கிறார் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இப்படி அறிக்கையோடு வருகிறவர்களில் பலர், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய இரண்டு வரிகள். மாதவிலக்கு ஏழெட்டு நாள், கட்டி கட்டியாக. அப்புறம் பச்சரிசி.

பச்சரிசி, சாம்பல், செங்கல் துண்டு, சிலேட்டுக் குச்சி, ஐஸ் கட்டி, இவற்றில் ஏதோ ஒன்றைத் தின்னாமல் இருக்க முடியவில்லை என்று பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கூட வந்திருக்கும் கணவரையோ மாமியாரையோ வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு 'ஆமாம்' என்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆசைக் கோளாறும் இல்லை, ஒழுக்கக் குறைவும் இல்லை. இரும்புச்சத்து வற்றிப்போனதற்கு இது ஓர் அடையாளம். ஏன் இப்படி ஆசை எழுகிறது என்பதற்கு முழு விளக்கம் மருத்துவத்தில் இன்னும் இல்லை, ஆனால் இரும்பு கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே பலருக்கு அந்த ஆசை விட்டுப்போகும். நீங்களே பார்ப்பீர்கள்.

கணக்கையும் பாருங்கள். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதத்துக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதை அதிக ரத்தப்போக்கு என்கிறோம். அப்படியென்றால் மாதம் 40 மில்லிகிராம் இரும்பு வெளியே. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதுவும் சைவ உணவில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. தோலும் குடல் செல்களும் உதிர்வதில் அன்றாடம் போகும் இழப்பை ஈடுகட்டவே அதில் பெரும்பகுதி சரியாகிவிடும். வரவு செலவு இடிப்பது இங்கேதான். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரையில் ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பும் பெண்ணுக்கு 29-ம் போட்டிருப்பது இதனால்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இத்தனை பேருக்கு இருக்கிற குறையைத்தான் உங்கள் அறிக்கை 'சரி' என்று பச்சைக் கட்டம் போட்டுத் தள்ளிவிட்டது.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைத்தான் செலவழிக்கும், அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே இருந்தால் இரும்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 30-க்குக் கீழே இருந்து அசதியும் முடி உதிர்தலும் இருந்தால் நான் சிகிச்சை தொடங்கிவிடுவேன். காய்ச்சல், தொற்று இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் உடம்பு சரியில்லாத நாளில் ரத்தம் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன, ஆனால் ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறது என்றால் அது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பதாலும் இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரை தேவைப்படாது. உடம்பில் சேர்ந்துவிட்ட இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது, அது ஈரலிலும் இதயத்திலும் தங்கிவிடும். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று யாரும் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போடக் கூடாது என்பது இதனால்தான்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபி, பால், கால்சியம் இவற்றோடு போடாதீர்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தாலே அதிலுள்ள இரும்பில் உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் சேராமல் போகும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா கூடச் சேர்ந்தால் அதிகம் உறிஞ்சப்படும். தினமும் போட்டால் வயிறு புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து மறுநாள் இரும்புக்குக் கதவை மூடுகிறது. இடைவெளி விட்டால் ஒவ்வொரு வேளையும் கூடுதலாகச் சேர்கிறது என்று பெண்களிடமே செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏறும். இயல்பு நிலைக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அதற்குப் பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் சேமிப்பு நிரம்பும். முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் காலியான சேமிப்பை அவை மட்டும் நிரப்பிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி சர்வசாதாரணம், பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதது, மருந்திலேயே ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் வழிகள் இருக்கின்றன. ரத்தப்போக்குக்கு இன்னொரு காரணம் உங்கள் சமையலறை அலமாரியிலேயே இருக்கலாம். தைராய்டு மாத்திரையையும் தாதுச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக் காபி குடித்திருக்கிறீர்கள். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், காபியும் அதைக் குறைக்கும். எட்டு மாதமாக அந்த மருந்து அரைகுறையாகத்தான் உள்ளே போயிருக்கும் என்பது என் ஊகம். தைராய்டு குறைந்தால் அசதி வரும், முடி கொட்டும், மாதவிலக்கு அதிகமாகும். அதிகமானால் இரும்பு குறையும். இனி காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையும் தண்ணீரும் மட்டும். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்போ கால்சியமோ போடுவதாக இருந்தால் நான்கு மணி நேரம் கழித்து. டி.எஸ்.எச். முடிவு அதிகமாக வந்தால் உடனே மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிவிடப் போகிறார்கள், அதனால் இதுவரை எப்படிப் போட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

செலினியத்துக்கு வருகிறேன். முடி கொட்டுகிறது என்று நீங்கள் போட்ட மாத்திரையே முடி கொட்ட ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 40 மைக்ரோகிராம். சீனாவில் கெஷான் என்ற இடத்தில் மண்ணிலேயே செலினியம் இல்லாததால் குழந்தைகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் இதயத் தசை கெட்டு உயிரே போனது. 1970-களில் செலினியம் கொடுத்துத்தான் அதைப் பெருமளவு தடுத்தார்கள். அதே சீனாவில் என்ஷி என்ற இடத்தில் செலினியம் மிகுந்த மண். அங்கே ஜனங்களுக்கு முடியும் நகமும் கழன்று விழுந்தன. நம் நாட்டிலும் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பக்கம் செலினியம் மிகுந்த மண் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து பானத்தில் தயாரிப்புத் தவறால் அட்டையில் போட்டிருந்ததைப்போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது, குடித்த சுமார் 200 பேருக்கு முடி கொட்டல், வயிற்றுப்போக்கு, மூட்டு வலி. இவையெல்லாம் மிக அதிக அளவுகள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 35,000 ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் கொடுத்தது தினம் 200 மைக்ரோகிராம்தான், உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே அளவு. புற்றுநோயைத் தடுக்கவில்லை, முடி கொட்டல் கூடியது. அந்த முடி உதிர்தலை வைத்துத்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உணவும் மாத்திரையும் சேர்த்து 255 மைக்ரோகிராம் என்று உச்ச வரம்பைக் குறைத்தது. மாத்திரையை நிறுத்தினாலும் முடி கொட்டுவது உடனே நிற்காது. வேரில் ஏற்பட்ட பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், திரும்ப வளரவும் அவ்வளவு காலம் எடுக்கும். அதற்குள் பதறிப்போய் வேறு எதையும் வாங்கிவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் ஜிங்க்கே வேண்டாத பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. மனிதனுக்கு ஜிங்க் குறைந்தால் என்ன ஆகும் என்று உலகுக்குக் காட்டியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் அவரிடம் ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். வயது 21, பார்க்கப் பத்து வயதுப் பையன். பருவமடையவில்லை, கடும் ரத்தசோகை, களிமண் தின்னும் பழக்கம். சாப்பாடு புளிக்கவைக்காத ரொட்டிதான், இறைச்சி இல்லை என்றே சொல்லலாம். இரும்புக் குறைவு மட்டும் ஒருவரின் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது என்று பிரசாத் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்தில் இதேபோன்ற இளைஞர்களுக்கு ஜிங்க் குறைவை அளந்து நிரூபித்தார். ஜிங்க் கொடுத்ததும் உயரமும் கூடியது, பருவமும் வந்தது. அந்த ரொட்டியில் ஜிங்க் இல்லாமல் இல்லை. கோதுமைத் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டிருந்தது. தானியத்தையும் பருப்பையும் ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும். இட்லி தோசை மாவு, பழைய சோறு, முளைகட்டிய பயறு, இவையெல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பவை. கொண்டைக்கடலை, எள், வேர்க்கடலை, தயிர் சேர்த்துச் சாப்பிட்டால் சைவத்திலும் ஜிங்க் ஓரளவு வந்துவிடும். மாத்திரையாக ஜிங்க் உறுதியாகப் பலன் தரும் இடம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. உப்பு சர்க்கரைக் கரைசலோடு தினம் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் 10, பத்து முதல் பதினான்கு நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அங்கே கூட நாள் கணக்கு வைத்து நிறுத்திவிடுகிறோம், கவனியுங்கள்.

குரோமியம் பற்றிச் சுருக்கமாக: அது மனிதனுக்குத் தேவையான சத்துதான் என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று 2014-ல் அதே ஐரோப்பிய ஆணையம் சொல்லிவிட்டது. விட்டுவிடலாம்.

செம்புக் குடத்தை நிறுத்த வேண்டாம். முடியில் செம்பு அதிகம் என்று வந்ததை வைத்துப் பயப்படாதீர்கள், உண்மையில் உங்களுக்குக் குறைந்திருக்கத்தான் வாய்ப்பு. வெறும் தண்ணீரை இரவு முழுக்க வைத்திருந்து குடிப்பதில் கரையும் செம்பு சொற்பம். ஆனால் எலுமிச்சை, மோர், ரசம் எதையும் அதில் ஊற்றி வைக்காதீர்கள், புளிப்பு செம்பை அரித்து இழுத்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சவே கூடாது. இந்தியக் குழந்தைகளுக்கு மட்டும் வருகிற ஈரல் சுருக்க நோய் என்று பல காலம் ஒன்று இருந்தது, வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. அந்த ஈரல்களில் செம்பு மலிந்து கிடந்தது. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலைச் சின்ன வயதிலேயே கொடுத்தது காரணமாக இருக்கலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் புனேயில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோயைக் காண்பதே அரிதாகிவிட்டது.

இந்துப்பை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். அதில் எத்தனையோ தாதுக்கள் இருப்பதாகச் சொல்வார்கள், நாம் சாப்பிடும் அளவில் அவற்றால் எந்தப் பலனும் வராது. சேர்த்திருக்க வேண்டிய ஒன்று, அயோடின், பெரும்பாலும் அதில் இல்லை. டாக்டர் வி. ராமலிங்கசுவாமி 1956-ல் இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு கொடுத்த ஊர்களில் கழுத்துக் கழலை ஊர் ஊராகக் குறைந்தது. அதன்மேல் எழுந்த திட்டம்தான் இன்று நம் கடை உப்பு. அயோடின் குறைந்தால் பெரியவர்களுக்குக் கழலை வரும், கருவில் இருக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். உங்கள் மகள் இன்னும் சில வருடங்களில் தாயாகும் வயதுக்கு வருவாள். அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உப்பை வாங்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். அளவு குறைவாகவே இருக்கட்டும். இப்படிச் சொன்னதும் அயோடினுக்காகக் கடல்பாசி மாத்திரை தேடிப் போகவேண்டாம், அதிக அயோடினும் தைராய்டைக் கெடுக்கும்.

மகளின் பற்களைப் பற்றிப் படித்ததும், தருமபுரி என்பதால் எனக்கு முதலில் தோன்றியது ஃப்ளூரைடு. உங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் அது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், அதிக ஃப்ளூரைடு தண்ணீர் குடித்தால்தான் இந்தப் பழுப்புக் கோடு விழும். அவள் சின்னவளாக இருந்தபோது வீட்டில் எந்தத் தண்ணீர் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்கிணறா, ஆழ்துளைக் கிணறா? கோடு தானாகப் போகாது, பல் மருத்துவர் மேல்பூச்சு கொடுத்து மறைக்கலாம். ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளைக்குச் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் வருத்தம் இருக்குமானால் அதைச் செய்துவிடுவது நல்லது. இப்போதும் குடிப்பது ஆழ்துளைத் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கத் துவைக்க எதுவானாலும் பரவாயில்லை.

மகளுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பூப்படைந்து மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்று நீங்கள்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும், அவளாகச் சொல்லமாட்டாள். அரசுப் பள்ளியில் படித்தால் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்பு மாத்திரை கொடுப்பார்கள், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ளது. தனியார் பள்ளி என்றால் அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். குடல் புழு மாத்திரையும் பள்ளியில் வருடத்துக்கு இரண்டு முறை கொடுப்பார்கள், அதையும் தவறவிட வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்ததும், குறிப்பாகச் செம்பும் ஃபெரிட்டினும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.